சந்தனம் மூடிய கண்

அன்பு மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் கழித்து உனக்கு நானே எழுதுகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை. ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை சக்கையாகிவிடுகிறது. ஆகட்டும். சந்தோஷமான சேதி: நம்ம மேஸ்திரி மாட்டிக்கொண்டார்.

அருப்புக்கோட்டை நூல் மில்லில் உன் மெஷின் பெல்ட் அறுந்து நின்றதே, நினைவிருக்கிறதா? அவர் நோட்டில் எதையோ எழுதி, "பெல்ட்டு அறுந்ததுன்னுதாம்லே எழுதியிருக்கேன், வையி கைநாட்ட" என்றார். நீ வைத்தாய். சாட்சிக்கு நானும் வைத்தேன். வேலையில் தூங்கினாய் என்று உன்னை வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெயரோடேயே செத்தும் போனாய். என் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்கு எரியும். அதனால்தான் பாலவனத்தத்தில் முதியோர் வகுப்புக்குப் போனேன். மில்லில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் பொண்ணு கம்ப்யூட்டரோடு வந்தாள். என் மெஷின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு கண் வைத்தாள். ஒவ்வொரு சுற்றையும் அது பார்த்து, வயர் வழியாக ஆபீசுக்குச் சொல்லும். கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதை அவள் எழுதவில்லை மாப்பிள்ளை, வரைந்தாள்! திரையில் கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்தாள். ஒரு கட்டம் சுற்றை எண்ணும், அடுத்தது வேகத்தைச் சொல்லும், கடைசியில் ஒரு பச்சைக் கோடு ஓடும்.

"மெஷின் ஓடும்போதே இங்க கோடும் ஓடும் தாத்தா. நின்னா படுத்துரும்" என்றாள்.

ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தேன். புதுசாக வந்த கண்ணை மட்டும் விடலாமா? அதற்கும் தாராளமாகவே அப்பினேன்.

மறுநாள் மெஷின் நன்றாக ஓடியது. ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போனால், திரையில் கோடு படுத்துக் கிடக்கிறது. மேனேஜரிடம் மேஸ்திரி, "ஒரு மணி நேரமா நிக்கிது சார். நேர்லயே போயிப் பாத்தேன்" என்கிறார். என் பக்கம் திரும்பி மெதுவாக, "ரிப்பேருன்னுதாம்யா எழுதியிருக்கேன், வையி கைநாட்ட."

நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தேன். "மெஷினை நிறுத்திவிட்டுத் தூங்கினார்."

"ஒனக்குப் படிக்கத் தெரியுமா?"

"இப்பத்தான் வருது. சரியா வருதான்னு இன்னொருக்கா வாசிக்கட்டுமா?"

வாசித்தேன். முன்னைவிட மெதுவாக. அவருக்கு வேர்த்தது.

எல்லோரும் மெஷினுக்குப் போனோம். ஓடிக்கொண்டிருக்கிறது! அந்தப் பொண்ணு சிரித்துக்கொண்டே சந்தனத்தைத் துடைத்தாள். கோடு எழுந்து ஓடுவதாக ஆபீசிலிருந்து கத்தினார்கள். "நேர்ல பாத்தேன்னீகளே?" என்று கேட்டார் மேனேஜர்.

நான் விடவில்லை. பழைய நோட்டை எடுக்கச் சொன்னேன். உன் பக்கத்திலும் அதே வரி. ஸ்டோர் நோட்டிலோ, அன்றைக்கே உன் மெஷினுக்குப் புது பெல்ட் கொடுத்த குறிப்பு.

சாயந்திரம் மேஸ்திரி என் வீட்டுக்கு வந்தார். "எம் பேரு போயிருமேண்ணே" என்றார்.

"எம் மாப்ள பேரு போகும்போது நல்லா இருந்துச்சுல்ல?" என்றேன்.

நீ இருந்திருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பாயோ? எனக்கு அந்த மனசு வரவில்லை.

திங்கட்கிழமை உன் பக்கத்தை அவரே அடித்துவிட்டு உண்மையை எழுத வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. கையெழுத்து வேண்டாம், கைநாட்டு வைக்கட்டும் என்று நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். மைப்பெட்டியை நான்தான் நீட்டுவேன். அதில் ஒரு நகல் வாங்கி, உன் வீட்டு வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி தங்கச்சிக்கு வாசித்துக் காட்டுவேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
கருப்பையா
(என் கையெழுத்துதான்)