டார்க் சாக்லேட் இல்லாவிட்டால்

மார்ச் 4

டார்க் சாக்லேட் இன்றும் வரவில்லை. ஆறு கேக் ஆர்டர். முப்பது கிராம் சாக்லேட்டுக்கு மூன்று கரண்டி கோக்கோ தூள், ஒரு கரண்டி வெண்ணெய் என்று போட்டு ஒப்பேற்றினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தம்பி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, நீ இல்லாட்டி இந்தக் கடையே இல்ல" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பது வயதில் இதற்கெல்லாமா பூரிப்பது?

மார்ச் 9

கோக்கோவும் தீர்ந்தது. பால் சாக்லேட்தான் போட்டேன். அதில் ஏற்கெனவே தித்திப்பு இருப்பதால் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். எவ்வளவு? உருக்கியதை நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும். கட்டிக்குக் கட்டி மாறும்.

மார்ச் 15

"எல்லாத்தையும் எழுதிக் குடுக்கா. உனக்கு ஒரு நாள் காய்ச்சல்னா நாங்க முழிக்கணும்" என்றான் தம்பி. நியாயம்தானே. 'டார்க் சாக்லேட் இல்லாவிட்டால்' என்று தலைப்புப் போட்டு, சிவப்பில் இரண்டு கோடு இழுத்து, அட்டவணை எழுதினேன். ஓவன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டான். போகும்போதும் வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16

சர்க்கரை விஷயம் விட்டுப்போயிற்று. நாக்கை எப்படி எழுதுவது? நான் இருக்கிறேனே, கேட்டால் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 2

தம்பி மனைவியின் தங்கை வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு என் அட்டவணையைப் படிக்கிறாள். "அண்ணி, இந்த வயசுல எதுக்கு அடுப்புல வேகணும்? வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றாள் தம்பி மனைவி.

பதினேழு வருஷமா வெந்தேனே, அப்ப எங்க போயிருந்தா இவ? தம்பி ஓவன் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஏண்டா, ஒரு வார்த்தை பேசினா வாயிலருந்து முத்தா உதிர்ந்துடும்?

அந்த அட்டவணை — சொந்தச் செலவில் சூனியம். அக்கா இல்லாவிட்டால் என்ன செய்வது என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 3

போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மே 11

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றுதான் தம்பியின் போன். "அக்கா, பால் சாக்லேட் போட்டா ஓரம் கருகுது, நடுவுல குழி விழுது. நாளைக்குக் கல்யாண கேக். எதை மாத்தணும்?"

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

"சுவத்துல எழுதியிருக்கேனே, நல்லா பாரு."

"பாத்துட்டேன்க்கா. இல்லையே."

"அப்ப எனக்கும் தெரியாதுப்பா."

போனை வைத்துவிட்டேன். இவனிடம் நான் சொன்ன முதல் பொய்.

மே 13

கடைக்குப் பால் போடுகிறவர் சொன்னார்: கேக் நடுவில் அமுங்கிக் கிடந்ததாம். கல்யாண வீட்டார் வாசலில் நின்று அப்பா பேரைச் சொல்லிக் கத்தினார்களாம். சந்தோஷப்படலாம் என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் வேறு யார் பேரைச் சொல்வார்கள்? கடைப் பலகையில் இருப்பது அப்பா பேர்தானே.