ஒன்பதாம் வகுப்பின் முதல் விதி

அப்பாவுக்கு வணக்கம். கூடலூரில் நான் நலம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

வேலையில் குறையில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நான் எழுதிய ஆண்டுத் திட்டத்தைத் தாளாளர் பாராட்டினார். வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்பதுதான் அதில் முதல் விதி.

போன செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்படாதீர்கள். பாண்டிமீனா என்ற மாணவி இடைவேளை முடிந்து அழுதுகொண்டே ஓடிவந்து, "டீச்சர், எங்க ஆத்தா..." என்று ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் சொன்னால்தான் கேட்பேன் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வார்த்தை கிடைக்கும்வரை நில் என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் பாடம் நடத்தினேன். மணி அடிக்கும்போது, "மதர்... ஜீப்... ஃபால்" என்றாள். "ஃபெல்" என்று திருத்தினேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்திருக்கிறது. "ஆத்தாவத் தேனிக்குக் கொண்டு போறாக. டீச்சர்ட்ட சொல்லிட்டு வெரசாப் போ தாயி" என்று பள்ளி வாட்ச்மேன் அவளை அனுப்பியிருக்கிறார். அவள் தேனிக்குப் போய்ச் சேர்வதற்கு அரை மணி நேரம் முன்னால் அந்த அம்மாள் இறந்துவிட்டார்.

தாளாளரிடம் சொல்லி அழுதேன். "விதின்னா விதிதான். அதுக்காக மாத்திறாதீக" என்றார்.

நேற்று அவள் பள்ளிக்கு வந்தாள். என்னிடம் தமிழிலேயே பேசும்மா என்றேன். "நோ, டீச்சர்" என்றாள்.

அம்மாவின் போர்வை ஒன்றை அனுப்புங்கள், இங்கே குளிர் அதிகம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்,
செல்வராணி