நீலக்கோட்டுத் துணி

அக்கா,

உன் பீரோவைத் திறந்தால் முதலில் பூச்சி உருண்டை வாசனை வருகிறது. அதற்குப் பின்னால் மெதுவாக நீ வருகிறாய். முந்தாநாள் உன் மகள் செல்வி அதைத் திறந்தபோது நான் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் யாரோ "வாடா" என்று கூப்பிட்டதுபோல எழுந்து நின்றுவிட்டேன். காபி வேட்டியில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் நீ கூப்பிட்டால் எழுந்துதான் நிற்கிறேன்.

உன் பேத்தி திவ்யாவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. நீ பார்க்காமல் போன கொள்ளுப்பேரன். நல்ல கறுப்பு, நல்ல குரல். என் மைக்செட் கடையில் இருக்கிற அத்தனை ஸ்பீக்கரையும் ஒன்றாகக் கட்டினாலும் அவன் அழுகைக்கு ஈடாகாது. பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்க வேண்டும். அதற்காக நீ முன்கூட்டியே தைத்து மடித்து வைத்துவிட்டுப் போன விரிப்பை எடுக்கத்தான் செல்வி பீரோவைத் திறந்தாள்.

உன் விரிப்புகளைப் பற்றி நான் சொல்லாத ஊர் கிடையாது. வாடிப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போன இடத்தில் ஐந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்தே சொன்னேன்: "எங்க அக்கா பழைய சேலையை நாலு மடிப்பா மடிச்சு, கிழிசல்களை ஒட்டுப்போட்டு, கையாலேயே தைக்கிற விரிப்புல படுத்த பிள்ளைக்குச் சளி பிடிக்காது, காய்ச்சல் வராது, கணக்குல நூத்துக்கு நூறு எடுக்கும்!" ஐந்நூறு பேர் என்பது கொஞ்சம் கூடுதல். சமையல்காரர்களையும் சேர்த்து நாற்பது பேர் இருக்கும். ஆனால் கை தட்டினார்கள், அது உண்மை. நான் எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன். ஒரு வருடம் படித்தவர்களைவிட எனக்குப் பேச்சு நன்றாகவே வரும்.

நீ தைப்பது யாருக்கும் வேலையாகத் தெரியாது. சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு வரிசை, பால் பொங்குவதற்குள் அரை வரிசை. உன்னைச் சுற்றி வீடு ஓடிக்கொண்டிருக்கும். செல்வி டிபன் டப்பாவைத் தேடுவாள். திவ்யா சீப்போடு வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். நீ ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு, பின்னல் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாய். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்துகொண்டே இருக்கும், யாருக்கும் சொல்லாத நல்ல சேதி ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவள் மாதிரி. "உக்காந்தா கண்ணுதான் வலிக்கும், எதுக்குக்கா இது?" என்று ஒருநாள் கேட்டேன். "கை சும்மா இருந்தா வாய் பேச ஆரம்பிச்சிரும்டா, உன்னைய மாதிரி" என்றாய்.

திவ்யாவின் தம்பி கார்த்தி சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் காலையில் நீ தைத்துக்கொண்டிருந்த விரிப்பிலேயே யூனிஃபார்மோடு படுத்துத் தூங்கிவிட்டான். நீயும் டிவியைப் பார்த்தபடியே அவன் சட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டாய். பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்ததும் அவன் துள்ளி எழுந்தான், விரிப்பும் அவனோடு எழுந்தது. நீ சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்தது. இதை நான் சொல்லும்போது பையன் விரிப்போடு பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விடுவான். ஹெட்மாஸ்டர் யாரோ ராஜா வருகிறார் என்று எழுந்து வணக்கம் வைப்பார். எல்லோரும் சிரித்து முடித்ததும் நீ தலையைத் தூக்காமலே சொல்வாய்: "டேய், பய வாசப்படியே தாண்டலடா."

அதுதான் நம் வழக்கம். நான் ஏற்றுவேன், நீ இறக்குவாய். இப்போது இறக்க ஆளில்லை. நான் சொன்னால் சொன்னதுதான், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அது இப்படிப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அக்கா.

உன் ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக்கோட்டுத் துணி இருக்கும். செல்விக்குத் தைத்ததில், திவ்யாவுக்குத் தைத்ததில், கார்த்தியுடையதில், எல்லாவற்றிலும். பிள்ளைகள் கேட்டால் நான் விட மாட்டேன். "பேரையூர்ச் சந்தையில மூணு பயில்வான்களை நான் ஒத்தையாச் சாய்ச்சப்பப் போட்டிருந்த சட்டைடா அது!" மற்றத் துண்டுகளைப் பற்றி நான் அளந்தால் நீ உடனே மறுத்துவிடுவாய். இதைப் பற்றிச் சொன்னால் மட்டும் குனிந்து நூலைப் பல்லால் கடிப்பாய். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

முந்தாநாள் செல்வி விரிப்பைத் தரையில் விரித்தாள். அந்த மூலையைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

திவ்யா பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். "என்னம்மா பண்ற?" என்று அலறினாள்.

"இந்தத் துண்டு இதுல இருக்கக் கூடாது."

"ஏன்?"

செல்வி அந்த மூலையை விரலால் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஆஸ்பத்திரியில கடைசியா இருந்தப்ப உங்க அம்மாச்சி எங்கிட்டச் சொன்னா. எனக்கு முன்னாடி அவளுக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை பெறந்து பன்னெண்டு நாள்ல போயிருச்சாம். இது அந்தப் பிள்ளையைச் சுத்தியிருந்த துணியாம். சுடுகாடு போயிட்டு வந்த துணிடி. இதுல உன் பிள்ளையைப் போடவா?"

"நானுந்தான் இதே துணியில கெடந்தேன். எனக்கு என்னாச்சு?"

"உனக்கு ஒண்ணும் ஆகல. கார்த்திக்கு அப்புறம் எனக்கு ஒண்ணு தங்குச்சா? அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுக்கிட்டே எப்படிப் போடச் சொல்ற?"

"அம்மாச்சி என் பிள்ளைக்குன்னு தச்சது இது ஒண்ணுதாம்மா. கத்தரி வச்சா பூராவும் பிரிஞ்சிரும்."

"பிரியட்டும். இல்லன்னா மொத்தமா வைகையில விட்டுட்டு வாரேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களே சொல்லுங்க. நீங்கதான பிள்ளையைத் தூக்கிட்டுப் போனீகளாம். நீங்கதான இந்தத் துணியைக் கொண்டாந்து குடுத்தீகளாம்."

கத்தரிக்கோல் அவள் கையில் திறந்தபடி இருந்தது. திவ்யா என்னைப் பார்த்தாள். பிள்ளைகூட அழுவதை நிறுத்திவிட்டது. நாற்பது பேரை ஐந்நூறு பேராக்கத் தெரிந்த நான் வேட்டியில் கொட்டிய காபியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். எனக்கு அப்போது பதினாறு வயது. நீ தலைப்பிரசவத்துக்குப் பேரையூருக்குப் பக்கத்தில் நம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாய். பன்னிரண்டாம் நாள் விடியும்போது பிள்ளை போய்விட்டது. மச்சான் வேலைக்குப் போன ஊரிலிருந்து வந்து சேரவில்லை, அய்யா காய்ச்சலில் கிடந்தார். அதனால் தாய்மாமன் நான்தான் தூக்க வேண்டும் என்றார்கள். அம்மா ஒரு பழைய நீலக்கோட்டுப் போர்வையை இரண்டாகக் கிழித்து வைத்திருந்தாள். ஒரு பாதியில் பிள்ளையைச் சுற்றி என் கையில் கொடுத்தாள். நான் வாசலைத் தாண்டும்போது நீ பாயில் கிடந்தபடியே கூப்பிட்டாய். "டேய், துணியை மட்டும் எனக்குக் கொண்டாந்துருடா."

கொண்டுவருகிறேன் என்று தலையாட்டினேன். பெரிய வீரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் குழியைப் பார்த்ததும் பிள்ளையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். துணியை உருவ வேண்டுமென்றால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். குழி வெட்டிய பெரியவர், "மூடுன துணியை எடுக்கக் கூடாது, கெளம்பு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தவன்போலத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கொடியில் அந்தப் போர்வையின் மற்றப் பாதி காய்ந்துகொண்டிருந்தது. அது பிள்ளையின் மேல் படவே இல்லை. அதை உருவி மடித்து உன் கையில் கொடுத்தேன்.

நீ அதை முகத்தில் வைத்து வெகுநேரம் மூச்சை இழுத்தாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். அதற்கப்புறம் நான் என் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். சத்தமே இல்லாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். பயில்வான் கதையெல்லாம் அதன் மேல் நான் போட்ட ஒட்டுத் துணி.

அதைத்தான் முந்தாநாள் செல்வி என்னிடம் கேட்டாள். சும்மா இருந்தால் உன் விரிப்பு போகும். உண்மையைச் சொன்னால், ஐம்பது வருடமாக நீ துளித் துளியாக வெட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்கு வைத்தது வெறும் போர்வைத் துணி என்று ஆகிவிடும். உன் முகத்தைப் பார்க்கலாம் என்று சமையலறை வாசலைப் பார்த்தேன். அங்கே பிள்ளைக்கு வெந்நீர் வைத்த பாத்திரம்தான் இருந்தது.

"அது சுடுகாட்டுத் துணி இல்ல செல்வி" என்றேன்.

"பின்ன? பயில்வான் சட்டையா?"

சொன்னேன். குழி, பெரியவர், ஓட்டம், கொடி. எதையும் கூட்டவில்லை. கூட்டாமல் சொன்னால் கதை எவ்வளவு சின்னதாக இருக்கிறது, அக்கா. ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

செல்வி குனிந்து அந்த நீலக்கோட்டைத் தொட்டாள். "அம்மா சொன்னாளே மாமா. அந்தத் துணியில பால் வாசம் அடிச்சுச்சுன்னு சொன்னாளே. எம்புட்டு நாள் கழிச்சும் அடிச்சுச்சுன்னாளே."

"அடிச்சிருக்காது தாயி. அது கொடியில காஞ்ச துணி."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கதையில எப்பவும் நீங்கதான மாமா ஜெயிப்பீக" என்றாள். "இதுல பயந்து ஓடியாந்திருக்கீகளே." பிறகு கத்தரிக்கோலை மூடி டிவி மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பால் வாசனை. வெயிலில் காய்ந்த துணியில் எங்கிருந்து வந்தது பால் வாசனை? உன் மாரில் கட்டியிருந்த பால்தான் நனைத்து மணத்ததா? அல்லது, முகத்தில் வைத்த அந்த நிமிடமே உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும், பதினாறு வயதுப் பயல் பயந்துவிட்டான் என்று என்னைக் காட்டிக்கொடுக்காமல், நீயே ஒரு வாசனையைச் சேர்த்துக்கொண்டாயா? இந்தக் குடும்பத்தில் கதை சேர்க்கிறவன் நான் ஒருவன்தான் என்று எண்ணியிருந்தேன். என் கதைகளை எல்லாம் இறக்கிவைத்தவள், இது ஒன்றை மட்டும் ஏன் இறக்கவில்லை? எந்தப் பக்கம் யோசித்தாலும் நீ பதில் சொல்லாமல் குனிந்து நூலைக் கடிக்கிறாய்.

இன்று காலை பேர் வைத்தார்கள். செல்வியே விரிப்பை எடுத்துத் தொட்டிலில் போட்டாள், நீலக்கோட்டு மூலை தலைமாட்டில் இருக்கும்படி. பிள்ளை அதில் கைகாலை உதறிக்கொண்டு ராஜா மாதிரி கிடந்தான். வீடு நிறைய ஆட்கள். திவ்யாவின் மாமியார், "ஒவ்வொரு துண்டுக்கும் கதை இருக்காமே, சொல்லுங்கண்ணே" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பச்சைக்கு ஒரு கதை, மாம்பழ மஞ்சளுக்கு ஒரு கதை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீலக்கோடு வந்தது. செல்வி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "இது சும்மா ஒரு போர்வைத் துணி" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் இனி அது ஒரு போர்வைத் துணிதான், யாருக்கும் பயமில்லை, எல்லோருக்கும் நிம்மதி.

உன்னைத் தவிர எல்லோருக்கும். உன் பிள்ளையை உன்னிடமிருந்து நான் இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், அக்கா. முதல் தடவை கையில் கொண்டுபோனேன். அது ஒரு படி அரிசிக் கனம்கூட இல்லை. இரண்டாம் தடவை வாயால் கொண்டுபோனேன். அதை எங்கே இறக்கிவைப்பது என்றுதான் தெரியவில்லை.