கேக் வெட்டியாகிவிட்டது

மே 14, வியாழன்

இவருக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் கணிதம் படிப்பிக்கும் வேலையை விட்டுவிட்டுப் போவதா என்று நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. ஆனால் மாமி எங்கள் வோபர்ன் பகுதி முழுக்கப் போன் அடித்துச் சொல்லிவிட்டார். பின்னேரம் அவருடைய சிநேகிதி சாந்தி அன்ரி கேக்கோடு வந்து நின்றார்.

"இனி நீ டொக்டரின்ரை மனுசி. சிரியன் பிள்ளை!"

சிரித்தேன். கேக்கும் வெட்டினேன்.

அவர் போனதும் இவர் பழைய கதையைத் தொடங்கினார். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் ஒருவர் கணிதத்தில் பேரெடுத்து, பிறகு மருத்துவராகி, கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைவரானாராம்.

"அந்த மனுசன் செய்தவர்தானே?"

"அந்தாளின்ரை மனுசி என்ன செய்தவ? பிள்ளையளை ஆர் பாத்தது?"

இவர் போனில் தேடினார். பட்டங்கள், பதவிகள் எல்லாம் இருந்தன. மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீர் வேண்டாமெண்டால் விடுறன்."

பிள்ளைக்கு எட்டு மாதம். செப்டெம்பரில் நானும் வேலைக்குத் திரும்ப வேண்டும். இவர் இரவு பகலாகப் படிப்பும் ஆஸ்பத்திரியுமாக நின்றால் நான் தனியாக எப்படி... பிடிவாதம் பிடிக்கிறவர் என்றால் சண்டையாவது போடலாம். இவர் சொன்னபடி விட்டுவிடுவார். அதுதான் எனக்குப் பயம். விட்டுவிட்டு, திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போவார். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசமாட்டார்.