கேமராவுக்குக் கோளாறு இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா நலம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார், அதற்கு நான் பொறுப்பில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நம் வீட்டு ரிட்டையரான கிரேன் ஆபரேட்டர் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுகிறார். முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தபோது கண்ணில் குத்துகிறது என்று சூரியனைத் திட்டாத நாளில்லை, இப்போது அது மறைவதைப் படம்பிடிக்க அலையாய் அலைகிறார். நேரில் பார்த்தால் சூரியனைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தங்கம் தகதகக்கிறதாம், படத்தில் மட்டும் அது விழவே இல்லையாம். கேமரா ஏமாற்றுகிறது என்று ரிப்பேர்க் கடைக்காரரிடம் மூன்று தடவை போய்ச் சண்டை பிடித்தார். மூன்றாவது தடவை அந்த மனுஷன் பொறுக்கமுடியாமல், "சார், கேமராவுக்கு ஒண்ணுமில்ல. போய் கண்ணைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் காட்டினால் இரண்டு கண்ணிலும் புரை, அந்தத் தங்கமெல்லாம் அதன் கைங்கரியம்தானாம்.

ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். ஊரே பார்க்கிற சாதா சூரியனை நான் எதற்குப் பார்க்கவேண்டும் என்கிறார். நானும் விட்டுவிட்டேன், என் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற புருஷனை யார் வலிய இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஆனால் போன செவ்வாய்க்கிழமை படம் எடுக்கிறேன் பேர்வழி என்று கேமராவில் கண்ணை வைத்தபடியே நடந்து, தரை முடிந்ததுகூடத் தெரியாமல் படகுத்துறை விளிம்புக்குப் போய்விட்டார். ஒரு மீன்காரம்மா சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்றைக்கு வேறு கடிதம்தான் எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்து, நல்லவேளை கேமரா நனையவில்லை என்கிறார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ஒருவழியாகச் சம்மதித்தார். வருகிற பதினேழாம் தேதி, முதலில் வலது கண். ஒரே நிபந்தனை, கட்டு அவிழ்க்கும்போது எதிரில் நீ நிற்கவேண்டுமாம். ஏன் என்று உன்னிடம் சொல்லக்கூடாது என்றார், சொல்லிவிடுகிறேன். வீடியோவில் உன்னைப் பார்த்து இளைத்துவிட்டாய், கறுத்துவிட்டாய் என்பதெல்லாம் சும்மா குத்துமதிப்புதான். குரல் வருகிற பக்கம் பார்த்துச் சிரிக்கிறார், அவ்வளவுதான். நீ மீசையை எடுத்து ஒரு வருஷம் ஆகிறது, அவருக்கு இன்னும் தெரியாது.

லீவை இன்றைக்கே கேள். ஒரு குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இரு. அப்பாவுக்குப் பிடிக்காதே என்று அவசரமாக மீசை வளர்த்துக்கொண்டு வராதே, இருக்கிறபடியே வா, அவர் பார்க்கட்டும்.

உன் அம்மா