நூடுல்ஸுக்கும் சூப்புக்கும் நடுவே ஒரு முழம் மல்லிகை

அக்கா,

ஆணியில் தொங்கும் உன் மஞ்சள் சுடிதாரிலிருந்து சோயா சாஸ் வாசனை வருகிறது. சாயங்காலம் அம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது உன் பவுடர் வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போது பூண்டும் வினிகரும் அதைத் தின்றுவிட்டன. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா தூங்கவில்லை. அவள் வளையல் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிடுகிறேன்.

இன்றைக்கு அந்த ஓட்டலுக்குப் போனோம். திருப்பதியில், மாடியில், சிவப்புக் கூண்டு விளக்குகள் தொங்குமே, அந்தச் சைனீஸ் ஓட்டல். உன்னைப் பெண் பார்த்த இடம். அதே மூலை மேசை.

உன்னைப் பார்க்க வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். “வூட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி துன்ற காலமெல்லாம் போச்சு, ஊர்க்கண்ணு எதுக்கு” என்று உன் மாமியார் போனில் சொல்லி நம்மை அங்கே வரச் சொன்னார். நம் பாலசமுத்திரத்தைத் தாண்டினால் ஓட்டல் சாப்பாடு என்றாலே இட்லிதான் என்று நினைத்திருந்த நைனா, அந்த ஏசி குளிரில் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட அண்ணன் ஒருவர் வந்து, சூப்பை முதலில் கொண்டுவரட்டுமா என்று உன்னிடம், “சூப் முந்து தேவாலா மேடம்?” என்றார். நைனா உன் காதருகே குனிந்தார்.

“பாத்தா சைனாக்காரன் மாரி கீறாரு, தெலுங்கு பேசறாரே?”

“மிசோரமாம் நைனா. மெல்லப் பேசு, அவருக்குத் தமிழும் தெரிஞ்சிருக்கும்.”

மேசை நடுவில் வட்டமான கண்ணாடி. அதன் மேல்தான் எல்லாத் தட்டும். எட்ட இருந்த சோற்றை எடுக்க நைனா பாதி எழுந்தார். நீ விரலை வைத்து லேசாகத் தள்ளினாய். கண்ணாடி சுற்றியது, சோறு நைனாவிடமே வந்தது. அவர் உன்னைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒரு பெரிய படிப்பைப் படித்து முடித்தவளைப் பார்ப்பது போல ஒரு பெருமை.

மாப்பிள்ளையாக வந்திருந்த மாமாவின் சித்தப்பா என்னைக் காட்டி, “ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீயா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல், “அவ மெனுவுல இல்ல சித்தப்பா. அவ படிக்கிறா” என்றாய். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் மாமா தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைப் பிடித்தது என்று பிறகு என்னிடம் சொன்னாய். திரும்பி வரும்போது நைனா, “இன்னாம்மா சொல்ற?” என்று உன்னைக் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாய். யோசித்தாய். பிறகு நீயேதான் சரி என்றாய். அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

நீ வயிற்றில் பாப்பாவோடு இருந்தபோது என்னை மட்டும் ஒருநாள் அங்கே கூட்டிப்போனாய். காரமும் புளிப்புமாக ஒரு சூப்பு. மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தாய். பெண் பார்த்த அன்றைக்கு மேசைக்கு அடியில் உன் முழங்கால் இரண்டும் தடதடவென்று ஆடியதை அப்போதுதான் சொன்னாய். நான் நம்பவில்லை. அப்படியெல்லாம் பேசினாயே என்றேன்.

“பயம் இல்லாம பேசினேன்னு யாருடீ சொன்னா? அது ஒரு பக்கம் ஆடிக்கினு இருந்துச்சு, நான் ஒரு பக்கம் பேசிக்கினு இருந்தேன்.”

போன மழைக்காலத்தில் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீ திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா பாப்பாவை நம் வீட்டுக்குக் கொண்டுவருவார். என்னோடு கிண்டல் பேசுவதை நிறுத்திவிட்டார். துக்கம் என்று நினைத்தேன்.

இன்றைக்கு, பாப்பா நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டாள், மாமா சாப்பாடு போடுகிறார் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். ஆசையாகக் கிளம்பினேன். சுடிதாரை அம்மா நீட்டியபோதே புரிந்திருக்க வேண்டும். ஓட்டலில் என்னை மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, பாப்பாவை என் மடியில் வைத்தார்கள். என்னைக் கேட்காமல் உன் மாமியார் எனக்குத் தேனும் மிளகாயும் போட்டு வறுத்த உருளைக்கிழங்கு சொன்னார். “பெரியவளுக்குப் புடிச்சது. இவளுக்கும் புடிக்கும்.” எனக்குத் தித்திப்பும் காரமும் சேர்ந்தால் குமட்டும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் தின்றேன். வாய் தின்றுகொண்டிருக்க, உடம்பெல்லாம் சில்லிட்டது. பேய்ப்படத்தில் வீட்டுக்குள் யாரோ இருப்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்க முடியாதே, அப்படி.

சாப்பாடு பாதியில் இருந்தபோது உன் மாமியார் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளித்தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, குங்குமம், ரவிக்கைத் துணி, அதன் மேல் ஒரு முழம் மல்லிகை. நூடுல்ஸுக்கும் சூப்புக்கும் நடுவே கண்ணாடியில் அதை வைத்தார்.

“வெள்ளிக்கெழம மொறையா தாம்பூலம் மாத்திக்கலாம். பரீட்சை முடிஞ்சி, பதினெட்டும் முடியட்டும், அப்பறம் கல்யாணம். இப்ப பூவ மட்டும் எடுத்து வெச்சிக்கம்மா. கொழந்தைக்கு அம்மா வேணும்ல.”

கண்ணாடியைச் சுற்றினார். தட்டு நைனாவைத் தாண்டியது, அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைத் தாண்டியது, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் முன்னால் வந்து நின்றது. பாப்பா பூவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“பாத்தீங்களா, கொழந்தையே எடுத்துக் குடுக்குது!”

அக்கா, அந்தக் கை எவ்வளவு சின்னது தெரியுமா? அதை என் இடது கைக்குள் மூடிக்கொண்டேன். வலது கை விரலைக் கண்ணாடியின் விளிம்பில் வைத்துத் தள்ளினேன். சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை. பலமாகத் தள்ளிவிட்டேன் போல, சூப்புக் கிண்ணத்துக் கரண்டி கடகடவென்று ஆடியது. தட்டு மாமாவைத் தாண்டி உன் மாமியாரிடமே போய்ச் சேர்ந்தது.

உன் மாமியார் கண்ணாடியை மறுபடியும் என் பக்கம் திருப்பினார். பாதியில் மாமா உள்ளங்கையை அதன் மேல் வைத்து நிறுத்தினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

“அவ ஒத்துக்கினான்னு சொன்னீங்களே அத்தை?”

அம்மா தலையைத் தூக்கவே இல்லை. என்னைக் கேட்காமல், நான் ஒத்துக்கொண்டதாக அம்மாவே சொல்லியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஓட்டல் அண்ணன் வந்து, “ஐஸ்கிரீம் காவாலா?” என்று சிரித்த முகத்தோடு கேட்டார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே நகர்ந்து போனார்.

உன் மாமியார் தட்டைப் பைக்குள் வைத்தபடி அம்மாவிடம் சொன்னது இதுதான்: “நல்லா வளத்திருக்கீங்க. நாளைக்கு வேற எடத்துல பொண்ணு கொண்டாந்தா, வர்றவ உங்கள வாசப்படி ஏற வுடுவாளா? பேத்திய மறந்துட வேண்டியதுதான். நல்லா யோசிங்க. காலைல நானே வூட்டுக்கு வரேன்.”

காரில் விடுவதாக மாமா சொன்னார். நைனா பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்றார். பாப்பா என் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள். மாமாதான் விரல் விரலாகப் பிரித்தார். அவள் அழுத அழுகை படிக்கட்டு முழுக்க எங்களோடு இறங்கி வந்தது.

பஸ் ரேணிகுண்டாவைத் தாண்டியதும் நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “வெள்ளிக்கெழம தாம்பூலம் இல்ல. நான் சொல்லிடறேன்” என்றார்.

“சொல்லிட்டு?” என்றாள் அம்மா. “பாப்பாவ போட்டோல பாத்துக்கினு கெடக்கலாமா? ஒண்ண மண்ணுக்குக் குடுத்தேன், அது பெத்ததையும் வுட்டுடச் சொல்றியா?”

நைனா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்; புத்தூர், நகரி எல்லாம் தாண்டியும் எடுக்கவில்லை. நைனா ராத்திரி சொல்வதெல்லாம் கோழி கூவுகிற வரைக்கும்தான் என்று நீதானே சொல்வாய். எனக்கு அந்தக் கோழியை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

மாமா கெட்டவர் என்றால் இவ்வளவு பயம் இருக்காது. கத்தலாம், அழலாம். அவர் நல்லவர். எல்லாமே நல்லபடியாக நடக்கும். உன் சுடிதாரைப் போடுவேன், உனக்குப் பிடித்ததைத் தின்பேன், உன் கட்டிலில் படுப்பேன். ஒருநாள் யாராவது வாய் தவறி உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு நீயும் இருக்கமாட்டாய், நானும் இருக்கமாட்டேன். மாட்டேன் என்று சொன்னாலோ, பாப்பா என்னைத் தெரியாத ஒரு பெண்ணாக வளர்வாள். இரண்டுமே என்னைத் தூங்கவிடவில்லை.

இப்போது அம்மா வந்துவிட்டுப் போனாள். காகிதத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன்.

“தூங்கலியா?”

“படிச்சிக்கினு கீறேம்மா.”

“இருட்டுலயா?” என்றாள். பிறகு போர்வைக்கு மேலாக என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, “காலைல மொத பஸ்ஸுக்கே பள்ளிப்பட்டு போயிடு. ஸ்கூல் தொறக்கலன்னா வாசல்ல நில்லு. அவங்க வரும்போது நீ இங்க இருக்க வேணாம். நான் சொன்னது பொய்னு அவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றாள். எழுந்து போய்விட்டாள்.

நம்பலாமா அக்கா? அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் அழுவது கேட்கிறது. காலையில் உன் மாமியார் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்தால், அந்த முகத்தைப் பார்த்து அம்மாவால் சொல்ல முடியுமா? எனக்குத் தெரியவில்லை. என் முழங்கால் ஆட்டம் இன்னும் நிற்கவில்லை.

ஆனால் ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். பாப்பா சிரிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ அப்படித்தான் சிரிப்பாய், மூக்கு சப்பையாகத் தெரியும் என்று வெட்கப்பட்டு. அவள் பெரியவளானதும், அது உன்னுடையது என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். உன் நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டால், அதைச் சொல்ல ஆள் இல்லை. அவர்கள் வாசலில் எத்தனை வருஷம் நிற்க வேண்டியிருந்தாலும், உன் தங்கையாகவே போய் நின்று அவளிடம் சொல்வேன்.