கோப்பியின் வால்

செவ்வாய்க்கிழமை, உலு திராம்

குதிரை டாக்டர் லாயத்துக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து அங்கே நடந்ததுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

எங்கள் குதிரை கோப்பிக்கு நரம்பு நோய் வந்ததிலிருந்து பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. தினமும் சாயங்காலம் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணன் கயிற்றைப் பிடித்து அதை நடத்துவார். நான் கூடவே நடந்து வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பேன். காலில் தெம்பு இருக்கிற குதிரை இழுப்புக்கு அசையாது, இல்லாதது சாயும். கொஞ்ச நாளாகக் கோப்பி சாயவே இல்லை. நானும் சந்தோஷமாக டாக்டருக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நம்பி மருந்தைக் குறைக்கலாம் என்றுதான் இன்று வந்தார்.

அவர் ஒரு இழுப்பு இழுத்தார். கோப்பியின் பின்பக்கம் அப்படியே வேலியில் போய் இடித்தது.

"நீங்க எப்படி இழுப்பீங்க கலா? காட்டுங்க."

காட்டினேன்.

"அலமாக்! இது இழுக்கிறதா? வாலத் தடவிக் குடுக்கிறீங்க லா."

"கோப்பி விழுந்துடுமோன்னு கலாவுக்குப் பயம் டாக்டர்," என்றார் செல்வம் அண்ணன். "எனக்குத் தெரியும். நானும் வாயத் திறக்கல."

எனக்கு மட்டும்தான் தெரியவில்லை போலிருக்கிறது.

மருந்து பழைய அளவிலேயே தொடரும். கிளம்பும்போது டாக்டர் என்னையே மறுபடி இழுக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கோப்பி கால் பின்னி, செல்வம் அண்ணன் தோளில் சாய்ந்து, எப்படியோ நின்றுகொண்டது. பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. கோபமெல்லாம் இல்லை. வால் பக்கம் ஒரு ஆள் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி.